வாய்தாவுக்கு அலையும் வழக்குகள்: விரைவான விசாரணை யாருடைய உரிமை?

அடி அண்ணாமலையில் ஓர் அடிதடி நடந்தால் வழக்கு திருவண்ணாமலை நீதிமன்றத்துக்குப் போகும். வாய்தா அன்று கூலி போச்சு. பெயர் கூப்பிடும்வரை வராந்தாவில் காத்துக் கிடந்தால், சாட்சி வரவில்லை என்று அடுத்த தேதி கொடுப்பார்கள். ஒருமுறை போகத் தவறினாலோ பிடிவாரண்ட். ஜாமீனுக்கு ஆள் கிடைக்காதவர் நிலைமை இன்னும் மோசம். அவர் விசாரணைக் கைதியாகவே உள்ளே இருப்பார்.

குற்றம் நிரூபணமாகும் முன்பே இப்படித் தண்டனை அனுபவிப்பது அநீதி என்று 1979-இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் உரக்கச் சொன்னது. பீகார் சிறைகளில் சிலர், தங்கள் குற்றத்துக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்ச தண்டனையைவிட நீண்ட காலம் விசாரணையே இன்றி அடைபட்டிருந்தார்கள். விரைவான விசாரணை, அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கியது என்று அன்று தீர்ப்பானது. ஆனால் இத்தனை ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும் என்று கெடு விதிக்க 1991-இல் அந்துலே வழக்கிலும், 2002-இல் ஏழு நீதிபதிகள் அமர்விலும் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

விரைவான விசாரணை குற்றம் சாட்டப்பட்டவருக்கான சலுகை என்றே பலரும் நினைக்கிறார்கள். நம் பக்கத்து மாவட்டத்து வாச்சாத்தியைப் பார்த்தால் அந்த நினைப்பு மாறும். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வனத்துறையினரும் போலீசாரும் வருவாய்த் துறையினரும் அரூர் அருகேயுள்ள அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். ஊராரை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 1995-இல் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே சிபிஐ வந்தது. தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பர் 29-இல். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. மேல்முறையீட்டுக்கு மேலும் 12 ஆண்டுகள். 2023-இல் நீதிபதி வேல்முருகன் அந்த ஊருக்கே நேரில் போய்ப் பார்த்து, அதே ஆண்டு செப்டம்பரில் தண்டனையை உறுதி செய்தார். சம்பவம் நடந்தபோது இளம்பெண்களாக இருந்தவர்கள் அதற்குள் நடுவயதைத் தாண்டிவிட்டார்கள். இந்த 31 ஆண்டுத் தாமதத்தில் லாபம் யாருக்கு? பதவியில் இருந்தவர்களுக்குத்தான்.

ஒட்டுமொத்தக் கெடு இல்லாவிட்டாலும், சட்டத்தில் சில நாள் கணக்குகள் உண்டு. கைதானவரை ரிமாண்ட் செய்த நாளிலிருந்து 60 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். பத்தாண்டோ அதற்கு மேலோ சிறை, ஆயுள், மரண தண்டனை என்று போகும் பெரிய குற்றங்களுக்கு 90 நாள். தவறினால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். ஆனால் மனு போட வேண்டும். மனு போடுவதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும்.

2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆவது பிரிவு இன்னொரு வழி. முன்பு தண்டனை பெறாதவர், அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தைச் சிறையில் கழித்திருந்தால் பிணையில் விடுவிக்க வேண்டும், மற்றவர்களுக்குப் பாதி. மரண, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும், வேறு வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. இதற்குக் கைதி கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும் என்கிறது சட்டம். அவர் எழுதவில்லை என்றால், வீட்டார் ரிமாண்ட் தேதியைக் குறித்துக்கொண்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், அல்லது 15100-க்கு அழைக்கலாம். கைதிக்கு வக்கீல் இலவசம்.