இரண்டு கிணற்று ஊர்

2023 மே மாதம், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் சாராயம் என்று விற்றது மெத்தனால். தொழிற்சாலைகளுக்கான அந்தத் திரவம் கல்லீரலில் ஃபார்மிக் அமிலமாக மாறும். முதலில் கண் நரம்பு கெடும், பார்வை மங்கும். பிறகு ரத்தத்தில் அமிலம் ஏறி மூச்சு முட்டும். விழுப்புரம் மாவட்டத்தில் மட்டும் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் ஆண்கள்.

அதே கடற்கரையில் 2004 டிசம்பர் 26 அன்று நடந்தது நேர்மாறு. தெற்கே கடலூர் மாவட்டத்தில் ஆழிப்பேரலைக்குப் பலியானவர்களைப் பற்றி ஆக்ஸ்ஃபாம் அமைப்பு வெளியிட்ட கணக்கில் ஆண்கள் 146 பேர், பெண்கள் 391 பேர். ஞாயிற்றுக்கிழமை காலை அது. கடலுக்குப் போன ஆண்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். அங்கே அந்த அலை படகுக்கு அடியில் ஒரு சின்ன மேடாகக் கடந்து போய்விட்டது. மீனை வாங்கி விற்கக் கரையில் காத்திருந்தவர்களும் வீட்டில் பிள்ளைகளோடு இருந்தவர்களும் பெண்கள். நீந்தவோ மரம் ஏறவோ யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. சேலை காலைச் சுற்றியது. இடுப்பில் குழந்தை இருந்தது.

உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் பெண்கள் ஆண்களைவிடச் சுமார் 5 ஆண்டு கூடுதலாக வாழ்கிறார்கள். ஜப்பானில் பெண்ணின் சராசரி ஆயுள் 87, ஆணுக்கு 81. குடியும் பீடியும் ஆணைக் கொல்வதால்தான் இந்த இடைவெளி என்று பலர் நினைக்கிறார்கள். பாதிக் கதைதான் அது. கருவிலேயே தொடங்கும் ஒரு வேறுபாடும் இதில் இருக்கிறது. அதை மரக்காணத்து உப்பளத்துக்கு வரும் பறவைகளை வைத்தே சொல்லலாம்.

நம் உயிரணு ஒவ்வொன்றிலும் 23 ஜோடி குரோமோசோம்கள். அவற்றில் ஒரு ஜோடிதான் பால் வேறுபாட்டைத் தீர்மானிக்கிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். எக்ஸில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இருக்கின்றன: ரத்தம் உறைவதற்கு, நிறம் பார்ப்பதற்கு, நோயை எதிர்ப்பதற்கு. ஒய் சின்னது, அதில் இருப்பவை சொற்பம். கடலோரத்தில் இரண்டு கிணறு உள்ள ஊரில் ஒன்றில் உப்பு ஏறினாலும் இன்னொன்றில் குடிதண்ணீர் இறைக்கலாம். ஒற்றைக் கிணற்று ஊர் அன்றைக்கே தவிக்கும். ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோய் ஏறத்தாழ முழுக்க ஆண்பிள்ளைகளையே தாக்குவது இதனால்தான். தாயிடமிருந்து வந்த எக்ஸில் பழுது இருந்தால் மகனுக்கு மாற்று கிடையாது.

பெண்ணின் எல்லா அணுக்களிலும் இரண்டு எக்ஸும் ஒருசேர இயங்குவதில்லை. கரு உருவான சில நாட்களில் ஒவ்வோர் அணுவும் இரண்டில் ஒன்றை அணைத்துவிடுகிறது. எதை அணைப்பது என்பதில் ஒழுங்கு எதுவும் இல்லை. இதை 1961இல் சொன்னவர் மேரி லையன் என்ற ஆங்கிலேய மரபியலாளர். ஆக ஒரு பெண்ணின் தோலில் ஒரு திட்டு தந்தை கொடுத்த எக்ஸில் இயங்குகிறது. பக்கத்துத் திட்டு தாய் கொடுத்ததில். கல்லீரல், மூளை, ரத்தம் எல்லாவற்றிலும் இதே கலவைதான். ஒரு வகை அணு தடுமாறினால் மற்ற வகை ஈடுகட்டும். அணைந்த எக்ஸிலும் சில மரபணுக்கள் விழித்தே இருக்கும். நோய் எதிர்ப்புக்கு உதவுபவையும் அவற்றில் உண்டு. கிருமியை விரட்ட அது பலம். சில சமயம் அந்தப் பலமே உடம்பின் மேல் திரும்புகிறது. லூபஸ் என்னும் நோயில் எதிர்ப்பு அணுக்கள் சொந்த உறுப்புகளையே தாக்கும். அந்த நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள்.

பறவைகளில் இந்த ஏற்பாடு தலைகீழ். ஒரே மாதிரி ஜோடி ஆணுக்கு. ஒற்றையாக நிற்பது பெட்டைக்கு. மரக்காணத்து உப்புப் பாத்திகளில் சிவப்புக் காலை எடுத்து எடுத்து வைத்து இரை தேடும் நெடுங்கால் உள்ளானுக்கும், பக்கத்துக் கழுவெளி ஏரியில் வலசை இறங்கும் வாத்துகளுக்கும் இதே விதிதான். பறவைகளில் யார் அதிக நாள் வாழ்கிறார்கள்? பெரும்பாலும் ஆண். 2020இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பூச்சி முதல் பாலூட்டி வரை 229 இனங்களின் ஆயுளை ஒப்பிட்டார்கள். ஒரே மாதிரி ஜோடி எந்தப் பாலுக்கோ அந்தப் பால் சராசரியாக 17.6 சதவீதம் கூடுதலாக வாழ்கிறது. இதைப் படித்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் அடங்கவில்லை. குடிக்கவும் புகைக்கவும் தெரியாத உயிர்களிலும் கணக்கு இப்படித்தான் விழுகிறது.

கணக்கு அதோடு தீர்ந்துவிடவில்லை. பெட்டைக்கு ஒற்றைக் குரோமோசோம் உள்ள இனங்களில் ஆண் கூடுதலாக வாழ்வது 7 சதவீதம் அளவுக்குத்தான். ஆணுக்கு ஒற்றை உள்ள இனங்களிலோ பெண் கூடுதலாக வாழ்வது 21 சதவீதம். ஆணாக இருப்பதற்கே தனியாக ஒரு விலை இருக்கிறது என்று இதற்குப் பொருள். அந்த விலையில் ஒரு பங்கு ஹார்மோனுடையது. கொரியாவின் சோசன் அரச மரபில் விரை நீக்கப்பட்ட அரண்மனை அண்ணகர்களுக்குக் குடும்ப வம்சாவளிப் பதிவு இருந்தது. அவர்கள் பிள்ளைகளைத் தத்தெடுத்து வம்சம் எழுதினார்கள். அதிலிருந்து 81 பேரின் ஆயுளை 2012இல் கொரிய ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். சராசரி 70 வயது. அதே தகுதியில் வாழ்ந்த மற்ற ஆண்களைவிடக் குறைந்தது 14 ஆண்டு கூடுதல். மூவர் நூறைத் தொட்டார்கள். ஆண் ஹார்மோன் தசையையும் வேகத்தையும் தருகிறது. முதுமையில் அதற்கு வட்டி வாங்குகிறது என்றே தோன்றுகிறது. பெண்ணின் ஈஸ்ட்ரோஜனோ மாதவிடாய் நிற்கும் வரை ரத்தக் குழாய்களைக் காக்கிறது. மாரடைப்பு பெண்ணுக்கு ஏறத்தாழ பத்து ஆண்டு தள்ளி வருவதில் அதற்குப் பங்குண்டு.

குரோமோசோமா, ஹார்மோனா என்று பிரித்துப் பார்க்க சான்ஃபிரான்சிஸ்கோவில் டீனா துபால் குழுவினர் எலிகளை நால்வகையாக வளர்த்தார்கள். எக்ஸ் எக்ஸோடு முட்டையகம், எக்ஸ் எக்ஸோடு விரை, எக்ஸ் ஒய்யோடு முட்டையகம், எக்ஸ் ஒய்யோடு விரை. 2019இல் வந்த முடிவு: முட்டையகம் இருந்தாலும் விரை இருந்தாலும் இரண்டு எக்ஸ் உள்ளவையே அதிகம் வாழ்ந்தன. இரண்டு எக்ஸும் முட்டையகமும் சேர்ந்தவை எல்லாவற்றையும் மிஞ்சின.

இந்த உடல் உறுதி பளிச்சென்று தெரிவது பஞ்ச காலத்தில். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த தாது வருஷப் பஞ்சத்தில் பெண்களைவிட ஆண்களே அதிகம் இறந்தார்கள் என்று மக்கள்தொகை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். சோறு முதலில் யாருக்கு என்பதில் நம் வீடுகளின் வழக்கம் எல்லாருக்கும் தெரியும். அப்படியிருந்தும் இது நடந்தது. 1933இல் உக்ரைன் பஞ்சத்திலும் அப்படியே. அந்த ஆண்டின் இறப்பு வேகத்தில் கணக்கிட்டால் ஆணுக்கு ஆயுள் 7.3 ஆண்டு, பெண்ணுக்கு 10.85. சிறிய உடம்பு, கொஞ்சம் கூடுதல் கொழுப்பு, குறைவான எரிபொருள் தேவை, வலுவான நோய் எதிர்ப்பு. பச்சிளங்குழந்தைகளில்கூடப் பெண்சிசுவே தாக்குப்பிடிக்கிறது.

அப்படியானால் இந்தியாவில் 1970-75இல் ஆணின் ஆயுள் 50.5 ஆகவும் பெண்ணின் ஆயுள் 49 ஆகவும் இருந்ததை எப்படிப் புரிந்துகொள்வது? பஞ்சமே கொல்லாத உடம்பை எது கொன்றது? பிரசவம், ரத்தசோகை, காய்ச்சல் கண்ட பெண்குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடாத தாமதம். பெண் கொண்டுவந்த கூடுதல் ஆண்டுகளை நம் வீடுகள் எடுத்துக்கொண்டன என்று சொல்வதற்கு நான் தயங்கவில்லை. இலங்கை 1960களிலேயே இதைத் திருப்பியது. இந்தியாவில் 1980களின் தொடக்கத்தில்தான் பெண் ஆணை எட்டிப்பிடித்தாள். 2016-20இல் ஆணுக்கு 68.6, பெண்ணுக்கு 71.4. தமிழ்நாட்டில் 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 54 தாய்மார் இறந்தார்கள். அகில இந்தியக் கணக்கு 97. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரியும் விழித்திருக்கும் செவிலியர்களால் வந்த ஆண்டுகள் இவை.

ஆண்கள் பக்கத்துக் கணக்கை எழுதியதும் இதே விழுப்புரம் மாவட்டம்தான். 1990களில் வேந்தன் கஜலட்சுமி தலைமையிலான குழு சென்னையிலும் விழுப்புரத்துக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் விவரத்தைத் திரட்டியது. கிராமத்தில் பல சாவுகளுக்கு மருத்துவச் சான்று கிடையாது. கேள்வி கேட்கப் பழக்கப்பட்டவர்கள் வீடு வீடாகப் போய் உட்கார்ந்தார்கள். கடைசி நாட்களில் இருமல் இருந்ததா, எத்தனை மாதம், சளியில் ரத்தம் வந்ததா, நெஞ்சு வலித்ததா, கால் வீங்கியதா? மனைவியோ மகனோ சொன்னதை எழுதிக்கொண்டு வந்து, மருத்துவர்கள் படித்து, சாவின் காரணத்தைக் குறித்தார்கள். உயிரோடிருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டார்கள். ரிச்சர்ட் பீட்டோவும் பிரபாத் ஜாவும் நரம்பு அறுவை மருத்துவர் டி. எஸ். கனகாவும் சேர்ந்து எழுதிய அந்தக் கட்டுரை 2003இல் லான்செட் இதழில் வந்தது. பீடி, சிகரெட் பிடிக்கிறவர்கள் காசநோயில் இறப்பது மற்றவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு. இந்தியாவில் ஆண்களின் காசநோய்ச் சாவுகளில் பாதிக்குப் புகை காரணம். புகைப்பவர்களில் நால்வரில் ஒருவர் 70 வயதுக்குள் அதனாலேயே இறப்பார்; அப்படி இழக்கும் ஆயுள் சராசரியாக 20 ஆண்டு. குரோமோசோம் எடுத்துக்கொள்வது இதன் முன்னால் மிகச் சொற்பம்.

பெண்ணுக்குக் கிடைத்த ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான நாடுகளில் வயதான பெண்கள் வயதான ஆண்களைவிட அதிக மூட்டுவலியோடும் அதிக இயலாமையோடும் வாழ்கிறார்கள். உப்பளத்தில் இது இன்னும் கூர்மை. வெயில் ஏறும் முன்னே பெண்கள் பாத்தியில் இறங்கி, வாரி வைத்த ஈர உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றி, வரப்பு வழியே நடந்து அம்பாரத்தில் கொட்டுகிறார்கள். கூடையிலிருந்து வடியும் உப்புநீர் கழுத்திலும் முதுகிலும் இறங்கும். பாதத்து வெடிப்பில் அது படும்போது எரியும். ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பாதுகாப்பான அளவைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். நூறில் ஏழு பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. அளத்தில் ஒதுங்க இடமில்லாததால் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள்; நீர்க்கடுப்பும் சிறுநீரகக் கல்லும் அதிலிருந்து வருகின்றன. இரண்டு எக்ஸ் எவ்வளவோ தாங்கும், தண்ணீர் இல்லாத சிறுநீரகத்தைக் காக்க அவற்றால் முடியாது. அளத்து வரப்பில் ஒரு கழிப்பறை, ஒரு நிழல் கொட்டகை, குடிதண்ணீர்த் தொட்டி: மரக்காணத்துக்கு இவை உடனே வேண்டும்.