விழுக்காட்டில் விழாத ஏக்கர்

உலு சிலாங்கூரில், ராசாவுக்கு மேற்கே உள்ள புக்கிட் தாகார் ஒரு காலத்தில் தோட்டம். 2005 முதல் கோலாலம்பூரின் குப்பை அங்கே போகிறது. அதற்கு ஒதுக்கிய நிலம் 1,700 ஏக்கர்: குப்பை புதைக்க 700, சுற்றிலும் இடைவெளியாக 1,000. பக்கத்திலேயே புக்கிட் பெருந்தோங், புக்கிட் செந்தோசா என்று 1990-களில் எழுந்த குடியிருப்புகள். பால்மரம் செம்பனையாகி, செம்பனை மனைக்கட்டாகிப் போன கதை உலு சிலாங்கூரிலும் கோலா சிலாங்கூரிலும் எல்லோருக்கும் தெரியும். தோட்டக் கம்பெனிகளின் ஐந்தொகையில் அது எப்படிப் பதிவாகிறது என்பதைத்தான் நம்மில் பலர் பார்ப்பதில்லை.

பயிர் மாறியதற்குக் கணக்கு நேரானது. 1917-இல் கோலா சிலாங்கூரின் தென்னமாராம் தோட்டத்தில்தான் ஹென்றி ஃபோகோனியே முதன்முதலாக வணிக அளவில் செம்பனை நட்டார். அதற்குப் பிறகும் ரப்பர்தான் ராஜா. 1960-இல் நாடு முழுவதும் செம்பனை சுமார் 54,000 ஹெக்டர், 1975-இல் 6.42 லட்சம், 2000-இல் 33.8 லட்சம், 2020-இல் 58.7 லட்சம். 1975-இல் அதில் 88 விழுக்காட்டுக்கு மேல் தீபகற்பத்தில் இருந்தது. இன்று பாதிகூட இல்லை. மீதி சபா, சரவாக்கில். இங்கே செம்பனை பெருகவில்லை என்று இதற்குப் பொருளல்ல, பல மடங்கு பெருகியது. பங்கு குறைவது வேறு, அளவு குறைவது வேறு. கம்பெனிக் கணக்கிலும் இதே இடத்தில்தான் சறுக்குவோம்.

சொத்துக் கலவையைப் பார்க்க வழக்கமான வழி, ஒவ்வொரு சொத்தையும் மொத்தச் சொத்தால் வகுத்து விழுக்காடாக்கி, ஐந்தாறு ஆண்டுகளை வரிசையாக வைப்பது. நல்ல வழிதான். ஆனால் தோட்டக் கம்பெனியில் அதை மட்டும் நம்பக்கூடாது. ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். 1,000 ஹெக்டர் தோட்டம். நிலம் ஏட்டில் ஹெக்டருக்கு 15,000 ரிங்கிட், மரமும் அதே விலை. அதில் 200 ஹெக்டரை, அதாவது 494 ஏக்கரை, வீடமைப்புக்கு 6 கோடி ரிங்கிட்டுக்கு விற்கிறார்கள். அடுத்த ஆண்டு அந்த 6 கோடியையும் சிறப்பு ஈவாகக் கொடுத்துவிடுகிறார்கள். வரியையும் தேய்மானத்தையும் ஆண்டு லாபத்தையும் விட்டுவிடுவோம். (தொகை பத்து லட்சம் ரிங்கிட்டில், அடைப்புக்குள் விழுக்காடு.)

| சொத்து | விற்குமுன் | விற்றபின் | ஈவுக்குப் பின் |
|---|---|---|---|
| நிலம் | 15 (30.0) | 12 (11.5) | 12 (27.3) |
| மரம் | 15 (30.0) | 12 (11.5) | 12 (27.3) |
| கட்டடம், சாலை, வண்டி | 10 (20.0) | 10 (9.6) | 10 (22.7) |
| சரக்கு, வரவேண்டிய கடன் | 5 (10.0) | 5 (4.8) | 5 (11.4) |
| ரொக்கம் | 5 (10.0) | 65 (62.5) | 5 (11.4) |
| மொத்தம் | 50 | 104 | 44 |

நடுவில் உள்ள ஆண்டைப் பார்த்தால் நிலமே போய்விட்டதுபோல் தெரியும்: 30 விழுக்காடு 11.5 ஆகிவிட்டது. உண்மையில் ஐந்தில் நான்கு பங்கு நிலம் அங்கேயே இருக்கிறது. நிலம் பழைய விலையிலும் ரொக்கம் இன்றைய விலையிலும் நிற்பதால் வந்த கோணல் இது. மூன்றாவது ஆண்டு இன்னும் மோசம். 30 இருந்த இடத்தில் 27.3, ஏதும் நடக்காததுபோல் இருக்கிறது. 200 ஹெக்டர் விழுக்காட்டில் மறைந்துவிட்டது. 2024-இன் தேசியச் சராசரியான ஹெக்டருக்கு 16.7 டன் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 3,340 டன் பழக்குலை இனி வராது. கட்டடம், சாலை, வண்டியின் ஏட்டு மதிப்பு ஹெக்டருக்கு 10,000-லிருந்து 12,500 ரிங்கிட்டாக ஏறிவிட்டது.

கணக்காளரின் பேனா மாற்றும் கலவையும் உண்டு. 99 ஆண்டுக் குத்தகை நிலம் 2006-க்குப் பிறகு நிலையான சொத்திலிருந்து 'முன்கூட்டிச் செலுத்திய குத்தகை' வரிக்குப் போனது, 2010-இல் திரும்பி வந்தது, 2019-இல் எம்.எஃப்.ஆர்.எஸ் 16 என்ற கணக்கியல் தரம் வந்ததும் 'பயன்பாட்டு உரிமைச் சொத்து' ஆனது. நிலம் ஓர் அங்குலம் நகரவில்லை. மரத்துக்கும் இதே கதை. முன்பு புதிதாக நட்ட செலவைச் சொத்தாக எழுதித் தேய்மானம் போடாமல் வைத்திருந்தார்கள், மறுநடவைச் செலவில் எழுதினார்கள். பல தோட்டக் கம்பெனிகள் 2018-இல் புதிய கணக்கியல் தரத்துக்கு மாறியபோது செம்பனை ஓர் இயந்திரம்போல ஆனது: மூன்று ஆண்டு காய்க்காமல் வளரும், 25 வயதில் வெட்டப்படும், இடையில் ஆண்டுதோறும் தேயும். ஆகவே 2017-ஐயும் 2019-ஐயும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர், கணக்காளரின் வேலையைத்தான் அளக்கிறார், தோட்டத்தை அல்ல.

பெரிய கம்பெனிகளில் இணைப்பும் பிரிவினையும் சேரும். 1981 செப்டம்பர் 7-ஆம் தேதி லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்தில் கத்ரி தோட்டக் கம்பெனியை மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான பி.என்.பி. கைப்பற்றியது. 2007-இல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் ஒன்றாயின. 2017 நவம்பர் 30-இல் தோட்டம் தனி, வீடமைப்பு தனி என்று பங்குச் சந்தையில் பட்டியலாயின. 2024-இல் தோட்டக் கம்பெனி 'எஸ்.டி. கத்ரி' ஆனது. இப்படிப்பட்ட கம்பெனியின் பத்தாண்டு வரிசையைத் தொடர்ச்சியாக வாசிப்பது வீண்வேலை. 2007-லும் 2017-லும் கோடு கிழித்துத் தனித்தனியாகத்தான் வாசிக்க வேண்டும்.

ஐந்தொகையின் எந்த வரியிலும் ஏறாதது ஒன்று உண்டு. மேரி, நைகல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் 245. 1990-களில் நிலம் கைமாறியதிலிருந்து அவர்கள் கேட்டது வீடு. 2024 மே 11-இல் நடந்த கோலா குபு பாரு இடைத்தேர்தலிலும் அந்தப் பேச்சு எழுந்தது. வீடு தருவதாகச் சொல்லும் வாக்கு தட்டிக்கழிக்க முடியாத கடமையாகி, தொகையை நம்பகமாக மதிப்பிட முடிந்தால்தான் ஐந்தொகையில் கடனாக ஏறும். வெறும் வாய்வார்த்தைக்கு அங்கே இடமில்லை. லயத்தின் தகரக்கூரைக்கு மட்டும் தேய்மானம் உண்டு!

பங்குதாரராகவோ கூட்டுறவுச் சங்க உறுப்பினராகவோ இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டறிக்கையின் பின்பக்கத்தில் சொத்துப் பட்டியல் இருக்கும். பங்குச் சந்தையில் பட்டியலான கம்பெனிகள் ஏட்டு மதிப்பில் முதல் பத்துச் சொத்துகளின் இடம், பரப்பு, குத்தகை முடியும் ஆண்டு, கடைசியாக மதிப்பிட்ட தேதி எல்லாம் தந்தாக வேண்டும். ஐந்து ஆண்டுப் பட்டியல்களை எடுத்து ஹெக்டரை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். குறைந்திருந்தால் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து, எந்தத் தோட்டம், என்ன விலை, அங்கே குடியிருந்தவர்கள் எங்கே என்று கேளுங்கள்.