கழன்ற கொக்கி யார் பொறுப்பு?

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா மகளை வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். ஊஞ்சலில் உட்கார்ந்தவள், "மாமா, இது ஒரு பக்கமா சாயுது" என்றாள். சங்கிலியைப் பிடித்துப் பார்த்தேன். மேலே மாட்டியிருந்த கொக்கி பாதிக்கு மேல் தேய்ந்து வாயைப் பிளந்திருந்தது. "வேண்டாம்டா, சறுக்குல ஏறலாம் வா" என்று இறக்கிவிட்டேன். நாங்கள் நாலடி நகர்வதற்குள் வேறொரு பையன் ஓடி வந்து அதே ஊஞ்சலில் ஏறினான். பின்னாலேயே வந்த அவன் அம்மா அவனை இழுத்து இறக்கிவிட்டு, "போன வாரமே இப்படித்தாங்க இருந்துச்சு" என்றார்.

அந்த ஒரு வாரத்தில் எத்தனை பேர் அதைப் பார்த்து, தங்கள் பிள்ளையை மட்டும் இறக்கிக்கொண்டு போயிருப்பார்கள்! நானும் அதைத்தானே செய்தேன்?

குடும்பத்தோடு போக நல்ல பூங்கா எது என்று கேட்டால் புல்வெளி, வண்டி நிறுத்த இடம், ஐஸ்கிரீம் கடை என்று அடுக்குவோம். வெயிலிலும் மழையிலும் நிற்கும் இரும்பு துருப்பிடிக்கத்தான் செய்யும். பழுது வராத பூங்கா எங்கும் இல்லை. பழுதைச் சொல்ல ஒருவரும், அதைக் கேட்டுச் சரிசெய்ய ஒருவரும் இருக்கும் பூங்காவே நல்ல பூங்கா. அதில் முதல் ஆள் நாம்தான்.

இடம் கேட்பது உரிமை

ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-வது பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது. 1989-இல் உருவான இந்த உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றது. தமிழ்நாட்டிலோ அதற்கும் முன்பே, பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் திறந்தவெளிகளையும் காப்பதற்கென்று 1959-இல் ஒரு தனிச் சட்டம் வந்துவிட்டது.

புதிய மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கான இடம் வருவது 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி. மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால், சாலைகள் நீங்கலாக உள்ள பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். பேச்சுவழக்கில் 'ஓ.எஸ்.ஆர். நிலம்' என்பது இதைத்தான். உங்கள் நகரில் முள்வேலிக்குள் புதர் மண்டிக் கிடக்கும் அந்த மூலை, வரைபடத்தில் பூங்காவாக இருக்கலாம். மனை வாங்கியபோது கொடுத்த வரைபட நகலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

பூங்கா நிலத்தை வேறு வேலைக்கு மாற்றினால் நீதிமன்றமும் சும்மா இருப்பதில்லை. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்து அந்தப் பகுதி மக்களே வழக்குப் போட்டார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது.

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கும் இதில் பங்கு உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொழுதுபோக்குக்கான பொது இடங்களும் தடையின்றி அணுகும்படி இருக்க வேண்டும் என்கிறது. சக்கர நாற்காலி நுழைய முடியாத சுழல் கேட்டைப் பார்த்துத் திரும்பி வர வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனு எழுதலாம்.

கிளம்பும் முன்

முதலில் பிள்ளையின் வயது. விளையாட்டுச் சாதனங்களை 2 முதல் 5 வயதுக்கு ஒன்று, 5 முதல் 12 வயதுக்கு ஒன்று எனப் பிரித்து வடிவமைப்பதே முறை. மூன்று வயதுக் குழந்தையை ஆறடிச் சறுக்குமரத்தில் ஏற்றிவிட்டு 'தைரியம் வரட்டும்' என்பது விபரீதம். சின்னவர்களும் பெரியவர்களும் விளையாடத் தனித்தனி இடம் உள்ள பூங்காவைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து நேரம். கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. உள்ளாட்சிப் பூங்காக்கள் பல நண்பகலில் பூட்டியிருக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் அது நல்லதும்கூட. இரும்புச் சறுக்குமரம் மட்டுமல்ல, பிளாஸ்டிக் சறுக்குமரமும் கறுப்பு ரப்பர் தரையும் பிஞ்சுத் தோலைச் சுட்டுவிடும். உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். கையை எடுக்கத் தோன்றினால் பிள்ளையை ஏற்றாதீர்கள்.

உடையும் முக்கியம். துப்பட்டா, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை நாடா, நீண்ட கயிறு வைத்த சட்டை, கழுத்துச் சங்கிலி எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். சறுக்குமரத்தின் உச்சியில் கயிறு மாட்டிக்கொண்டு உடல் கீழே வழுக்கினால் கழுத்து இறுகிவிடும்.

உள்ளே போனதும் ஐந்து நிமிடம்

தரையிலிருந்து தொடங்குங்கள். விளையாட்டிடத்தில் பெரிய காயங்கள் பெரும்பாலும் விழுவதால்தான் வருகின்றன. எதன்மேல் விழுகிறோம் என்பதுதான் காயத்தின் அளவைத் தீர்மானிக்கும். சிமென்ட், டைல்ஸ், இறுகிப்போன மண் ஆகியவற்றின்மேல் ஏறு சாதனங்கள் இருக்கக் கூடாது. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு, 9 அங்குல ஆழ மணல் 4 அடி உயரத்திலிருந்து விழுவதைத்தான் தாங்கும் என்கிறது. நம் ஊர்ப் பூங்காக்களில் ஊஞ்சலடியில் கால் தேய்த்துத் தேய்த்துக் குழி விழுந்து, அடியில் இருக்கும் கான்கிரீட் எட்டிப் பார்ப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சாதனத்தைச் சுற்றி ஆறடிக்காவது மெத்தென்ற தரை வேண்டும்.

பிறகு இடைவெளி. ஏணிப்படி, கைப்பிடிக் கம்பி, தடுப்பு ஆகியவற்றின் இடைவெளி 3.5 அங்குலத்துக்கும் 9 அங்குலத்துக்கும் நடுவே இருந்தால் ஆபத்து. பிள்ளையின் உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். ஸ்கேல் வேண்டாம், உங்கள் சாண் எத்தனை அங்குலம் என்று வீட்டிலேயே அளந்துகொண்டால் போதும்.

ஊஞ்சலில் சங்கிலி, கொக்கி, பலகை மூன்றையும் இழுத்துப் பாருங்கள். சீசாவின் நடு போல்ட்டை ஆட்டிப் பாருங்கள். ராட்டினத்தின் அடியில் விரல் நுழையும் சந்து இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சறுக்குமரத்தின் ஓரத்தைக் கையால் தடவினால் பிய்ந்த தகடு தெரிந்துவிடும்.

இன்னொன்று, பாசத்தில் செய்யும் தவறு. 'பயப்படுறா' என்று பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நாமும் சேர்ந்து சறுக்குவோம். பிள்ளையின் செருப்போ காலோ பக்கவாட்டில் மாட்டிக்கொள்ளும். தனியாக வந்தால் பிள்ளை அங்கேயே நின்றுவிடும். நம் எடையோடு சேர்ந்து வரும்போது நிற்க வழியில்லை, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிகிறது. குழந்தை எலும்பு மருத்துவர்கள் திரும்பத் திரும்ப எச்சரிக்கும் விஷயம் இது. தனியாகச் சறுக்க முடியாத பிள்ளைக்கு அந்தச் சறுக்குமரம் இன்னும் பெரியது என்று அர்த்தம்.

செடி, நாய், தண்ணீர், மின்சாரம்

அரளி நம் பூங்காக்களிலும் சாலை நடுவிலும் அழகுக்காக வளர்க்கும் செடி. இலை, பூ, விதை எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. பிள்ளைகள் 'சமையல்' விளையாடும்போது பறிப்பது இதைத்தான். விளையாட்டிடத்தை ஒட்டி அரளியும் ஊமத்தையும் இருந்தால் அகற்றச் சொல்லுங்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரப் பூங்காவில் நச்சுப் பழத்தைத் தின்று ஏழு வயதுச் சிறுவன் இறந்த வழக்கில், 1922-லேயே பிரிட்டனின் உச்சபட்ச மன்றம் நகராட்சி மீது வழக்கு செல்லும் என்றது. கவர்ச்சியான பழம் குழந்தையை இழுக்கும் என்று தெரிந்தும் தகுந்த எச்சரிக்கையோ தடுப்போ வைக்காதது தவறு என்பதே வாதம்.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. வளர்ப்பு நாயைக் கயிறு இல்லாமல் கூட்டி வருவோரிடம் சொல்லத் தயங்காதீர்கள். தெருநாய்களுக்கு உணவு வைக்கும் இடம் குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்து தள்ளி இருக்க வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளே சொல்கின்றன. நாய் கடித்தாலோ நகம் கீறினாலோ காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம்.

தடுப்பில்லாத குளம், மூடியில்லாத தொட்டி, மழைக்குப் பின் வயர் தொங்கும் விளக்குக் கம்பம் ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் அந்தப் பக்கம் பிள்ளையை விடாதீர்கள். மின்சாரக் கோளாறுக்கு மின்வாரியத்தின் 'மின்னகம்' சேவை மையத்தை 94987 94987 எண்ணில் அழைக்கலாம்.

டிக்கெட் வாங்கி உள்ளே போனால்

2024 மே 25 அன்று குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு விளையாட்டு அரங்கு தீப்பிடித்து, குழந்தைகள் உட்பட 27 பேர் இறந்தார்கள். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இல்லாமலேயே அது நடந்துகொண்டிருந்தது. மால்களிலும் மாடிகளிலும் முளைத்திருக்கும் உள்ளரங்கு விளையாட்டு இடங்களுக்குப் போகும்போது முதலில் தேட வேண்டியது வெளியேறும் இரண்டாவது வழியை. அது பூட்டியிருந்தாலோ சாமான்கள் அடைத்திருந்தாலோ திரும்பி வந்துவிடுங்கள்.

கட்டணம் செலுத்திய கணத்தில் நீங்கள் நுகர்வோர். 'விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற பலகையோ, நுழையும்போது நீட்டும் கையெழுத்துப் படிவமோ நிர்வாகத்தின் அலட்சியத்தை மூடிவிடாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆகவே டிக்கெட்டைக் கசக்கி எறியாதீர்கள். பிள்ளைகள் அடிபடாமல் வீடு வந்து தூங்கிய பிறகு எறிந்துகொள்ளலாம்.

கட்டணமில்லாத உள்ளாட்சிப் பூங்காவுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதனால் உள்ளாட்சிக்குப் பொறுப்பு இல்லை என்றாகிவிடாது. அலட்சியத்துக்கு உரிமையியல் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ இழப்பீடு கேட்கலாம். டெல்லி சாந்தினி சவுக்கின் மணிக்கூண்டு இடிந்து பலர் இறந்த வழக்கில், சாலையோரக் கட்டடத்தின் பழுது கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பராமரிக்க வேண்டிய நகராட்சியே பொறுப்பு என்று 1966-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அடிபட்டால், காணாமல் போனால்

தலையில் அடி, மயக்கம், வாந்தி, கழுத்து வலி, கை கால் கோணுதல் என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் 108-ஐ அழையுங்கள். மற்றொருவர் அந்தச் சாதனத்தையும், பழுதான இடத்தையும், தரையையும் படம் எடுக்கட்டும். மறுநாள் போனால் கொக்கி மாறியிருக்கும், சாட்சி இருக்காது. எப்படி அடிபட்டது, எந்த இடத்தில் என்பதை மருத்துவமனைச் சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

கூட்டத்தில் பிள்ளையைக் காணவில்லை என்றால் முதல் வேலை வாசல்களைக் கவனிக்கச் சொல்வது, இரண்டாவது 112. 'ஒரு நாள் பாருங்க' என்று காவல் நிலையத்தில் சொன்னால் ஏற்க வேண்டாம். காணாமல் போன குழந்தை பற்றிய புகாரில் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. யாராவது பிள்ளையிடம் தவறாக நடந்தால் 1098. உள்ளே நுழையும்போதே அன்று போட்டிருக்கும் உடையோடு பிள்ளையை ஒரு படம் எடுத்துவிடுங்கள். தேடும்போது சட்டை நிறம் யாருக்கும் நினைவு வராது.

பழுதைக் கண்டால்

வாட்ச்மேனிடம் சொல்வது முதல் படி, அதுவே கடைசிப் படியாகிவிடக் கூடாது. சென்னையில் 1913 என்ற எண்ணும் 'நம்ம சென்னை' செயலியும் இருக்கின்றன. மற்ற ஊர்களில் நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பூங்காவின் பெயர், சாதனம், பழுது, தேதி, படம். நாலு வரி போதும். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். அசையவில்லை என்றால் வார்டு கவுன்சிலர், அடுத்து முதல்வரின் முகவரித் துறையின் 1100. கிராமம் என்றால் கிராம சபை இருக்கிறது. நகரம் என்றால் பகுதி சபா.

அதற்கும் பதில் இல்லையா? 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பூங்காவின் பராமரிப்பு ஒப்பந்தக்காரர் யார்? விளையாட்டுச் சாதனங்களைக் கடைசியாகச் சோதித்த தேதி என்ன? அதற்கு வழங்கிய தொகை எவ்வளவு? 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பல இடங்களில் பதில் வருவதற்கு முன்பே பெயின்ட் வாளியோடு ஆள் வந்துவிடுவார்.

அந்த ஞாயிறு வீட்டுக்குத் திரும்பிய பிறகு கொக்கி கண்ணிலேயே நின்றது. திங்கட்கிழமை காலையில் போய்ப் படம் எடுத்துப் புகார் கொடுத்தேன். மூன்றாம் நாள் ஊஞ்சலைக் கழற்றிக்கொண்டு போனார்கள். புதுக் கொக்கியோடு அது திரும்பி வர இரண்டு வாரம் ஆனது. வெறும் கம்பத்தைக் காட்டி, "நீ சொன்னதாலதானே மாமா எடுத்துட்டுப் போனாங்க!" என்று சொன்ன அக்கா மகள், அந்த இரண்டு வாரமும் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்க அவள் முழுசாக இருந்தாள்.