கண்ணாடிக்கு வெளிச்சமா, முகத்துக்கு வெளிச்சமா?



நம் கிராமங்களில் இப்போது வீட்டோடு சேர்த்துக் குளியலறை கட்டுவது அதிகமாகி வருகிறது. சிலர் தொகுப்பு வீட்டோடு கட்டுகிறோம். சிலர் குழுக் கடன் வாங்கிக் கட்டுகிறோம். கதவு எது, டைல்ஸ் எது, பைப் எது என்று நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்கிறோம். ஆனால் லைட் விஷயம் மட்டும் கடைசியில்தான் வருகிறது. கையில் இருந்த காசெல்லாம் தீர்ந்த பிறகு, "ஏதோ ஒரு பல்பை மாட்டிட்டுப் போங்கண்ணே" என்று ஒயர்மேனிடம் சொல்லிவிடுகிறோம். அவரும் தனக்கு வசதியான இடத்தில் ஒரு ஹோல்டரை அடித்துவிட்டுப் போய்விடுவார். அப்புறம் கண்ணாடி ஒரு பக்கம், பல்பு ஒரு பக்கம்.

"குளிக்கிற ரூமுக்கு எதுக்குங்க இவ்வளவு யோசனை? ஏதோ வெளிச்சம் இருந்தா போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். யோசிக்க வேண்டியதற்கு இரண்டு காரணம் இருக்கிறது. ஒன்று, நம் உடம்பை நாமே கதவைச் சாத்திக்கொண்டு நிதானமாகப் பார்க்கிற ஒரே இடம் அதுதான். இரண்டு, தண்ணியும் கரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இடமும் அதுதான். சில வீடுகளில் கண்ணாடி குளியலறைக்கு வெளியே வாஷ்பேசினுக்கு மேலே இருக்கும். அங்கேயும் இதே கதைதான்.

கண்ணாடி முன்னால் என்ன பார்க்கிறோம்?

பொட்டு நேராக இருக்கிறதா, தலை சரியாக வாரியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதற்கு இல்லை கண்ணாடி. கீழ் இமையை லேசாக இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் செக்கச்செவேல் என்று இருக்க வேண்டும். வெளுத்துப் போயிருந்தால் இரத்தசோகை இருக்கலாம். 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் பாதிப் பேருக்கும் மேல் இரத்தசோகை இருந்தது தெரிய வந்தது. அதே போல கண்ணின் வெள்ளைப் பகுதி மஞ்சளாக மாறினால் மஞ்சள் காமாலையாக இருக்கலாம். வெற்றிலை, புகையிலை போடுகிறவர்கள் வாயைத் திறந்து கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மார்பகத்தைப் பார்ப்பதும் இங்கேதான் முடியும். தோலில் குழி விழுந்திருக்கிறதா, காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறதா, தோல் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி ஆகியிருக்கிறதா, இரண்டு பக்கமும் முன்பு இல்லாத வித்தியாசம் தெரிகிறதா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். சர்க்கரை உள்ளவர்கள் தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் ஒரு சின்னக் கண்ணாடியைத் தரையில் வைத்து, காலைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம். கால் மரத்துப் போனவர்களுக்கு முள் குத்தினாலும் தெரியாது. கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

இதெல்லாம் மங்கலான மஞ்சள் பல்பில் தெரியுமா? மஞ்சள் வெளிச்சத்தில் வெள்ளை எல்லாமே மஞ்சளாகத்தான் தெரியும். வெளுத்த இமைகூடக் கொஞ்சம் சிவப்பாகத் தெரியும். அதனால் இருக்கிற நோய் தெரியாமல் போகும். ஒன்றை மட்டும் மறக்காதீங்க, கண்ணாடி டாக்டர் இல்லை. வித்தியாசம் தெரிந்தால் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்ட வேண்டும். ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக ஒன்றும் இல்லை என்று முடிவு பண்ணவும் கூடாது.

வெளிச்சம் எங்கிருந்து வர வேண்டும்?

இன்று ராத்திரி வீட்டில் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். பிள்ளையிடம் ஒரு டார்ச் லைட்டைக் கொடுத்துவிட்டுக் கண்ணாடி முன் நில்லுங்கள்.

முதலில் உங்களுக்குப் பின்னாலிருந்து அடிக்கச் சொல்லுங்கள். முகம் இருட்டாகிவிடும். அடுத்து தலைக்கு மேலே பிடிக்கச் சொல்லுங்கள். நெற்றியும் மூக்கும் பளிச்சென்று இருக்கும், கண்ணுக்குக் கீழேயும் தாடைக்குக் கீழேயும் கருப்பாக நிழல் விழும். கடைசியாக முகத்துக்கு முன்னால், ஒரு பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். அந்தப் பக்கத்துக் கன்னம் நன்றாகத் தெரியும், மறு பக்கம் இருட்டு. இரண்டு பக்கமும் இருந்தால் முகம் முழுக்கத் தெரியும்.

விஷயம் இவ்வளவுதான். வெளிச்சம் கண்ணாடி மேல் விழ வேண்டியதில்லை, நம் முகத்தின் மேல் விழ வேண்டும். முகத்தில் வெளிச்சம் இருந்தால் கண்ணாடியில் முகம் தானாகத் தெரியும்.

ஆகவே நல்ல ஏற்பாடு என்னவென்றால், கண்ணாடியின் இரண்டு பக்கமும் கண் உயரத்தில் ஒவ்வொரு லைட். தரையிலிருந்து சுமார் 5 அடி உயரம் இருந்தால் பெண்களுக்குச் சரியாக இருக்கும். இரண்டு லைட்டுக்கும் நடுவே இரண்டரை அடியிலிருந்து 3 அடி இடைவெளி போதும். இரண்டு லைட் போட வசதி இல்லையா? கண்ணாடிக்கு நேர் மேலே, ஆறரை அடி உயரத்தில் 2 அடி நீள எல்.இ.டி. டியூப் லைட் ஒன்றைப் படுக்கை வாட்டில் போடுங்கள். குண்டு பல்பு மாதிரி ஒரே புள்ளியிலிருந்து வராமல் வெளிச்சம் பரவி வருவதால் நிழல் குறையும். நமக்குப் பின்னால் உள்ள சுவரிலோ கூரை நடுவிலோ ஒரே ஒரு பல்பு என்பது மட்டும் வேண்டாம்.

மார்பகத்தைப் பார்க்கும்போது பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்தில்தான் தோலில் விழுந்த குழி நன்றாகத் தெரியும். அப்போது ஒரு பக்கத்து லைட்டை மட்டும் எரியவிட்டும் பார்க்கலாம். அதற்காக இரண்டு லைட்டுக்கும் தனித்தனி சுவிட்ச் வைத்துக்கொள்வது நல்லது.

சுவருக்கு வெள்ளை அடியுங்கள். இருக்கிற வெளிச்சமே கூடும். மேலே ஒரு வென்டிலேட்டர் வைத்தால் பகலில் லைட்டே வேண்டாம், ஈரமும் சீக்கிரம் காயும், கண்ணாடியின் ஓரம் கறுத்துப் போவதும் குறையும்.

எந்த பல்பு வாங்குவது?

பல்பு டப்பாவில் 2700, 4000, 6500 என்று ஒரு எண் இருக்கும். அது வெளிச்சத்தின் நிறம். 2700 என்றால் பழைய குண்டு பல்பு மாதிரி மஞ்சள். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. கடைக்காரர் கேட்காமலே எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் இதுதான். 4000 இரண்டுக்கும் நடுவில் உள்ளது, நேச்சுரல் ஒயிட் என்பார்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் போட 4000 நல்லது. கிடைக்காவிட்டால் 6500 வாங்கலாம். மஞ்சள் வேண்டாம்.

சில டப்பாவில் சி.ஆர்.ஐ. என்று போட்டிருப்பார்கள். நிறத்தை உள்ளபடி காட்டுகிறதா என்பதற்கு அது மார்க். 100-க்கு 80-க்குக் கீழே இருந்தால் வாங்காதீர்கள். 90 இருந்தால் மிகவும் நல்லது. பி.ஐ.எஸ். முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். முத்திரை இல்லாத பல்பு சந்தையில் மலிவாகக் கிடைக்கும், ஆனால் சீக்கிரமே மினுக்க ஆரம்பித்துவிடும்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் வெளிச்சம் கூடுதலாகவே தேவைப்படும். 20 வயதில் கண்ணுக்குள் போய்ச் சேருகிற வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் போய்ச் சேருகிறது. மாமியார் "கண்ணு தெரியல"ன்னு சொன்னா அலுத்துக்காதீங்க. லைட்டை மாற்றிப் பாருங்கள். ஈரத் தரையில் வழுக்கி விழுவதும் குறையும்.

கரண்ட் பில் ஏறாதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் குழுவில் கணக்குதானே முக்கியம்!

60 வாட்ஸ் குண்டு பல்பு தினம் 3 மணி நேரம், 60 நாள் எரிந்தால் 10.8 யூனிட் ஆகும். அதே வெளிச்சம் தருகிற 9 வாட்ஸ் எல்.இ.டி. பல்புக்கு 1.62 யூனிட்தான். இரண்டு பக்கமும் இரண்டு எல்.இ.டி. போட்டாலும் 3.24 யூனிட். குண்டு பல்பு ஒன்றுக்கு ஆகிற செலவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

பழைய ஜீரோ வாட்ஸ் பல்புக்குக் கரண்டே ஆகாது என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பேர்தான் ஜீரோ. அது 12 முதல் 15 வாட்ஸ் வரை இழுக்கும். அதைவிடக் குறைந்த கரண்டில் 9 வாட்ஸ் எல்.இ.டி. பல மடங்கு வெளிச்சம் தரும்.

தண்ணியும் கரண்டும்

இதைக் கட்டாயம் படியுங்கள், படிக்கத் தெரியாத உறுப்பினருக்கும் படித்துக் காட்டுங்கள்.

ஈர உடம்பில் கரண்ட் சுலபமாகப் பாயும். வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்கும்போது சொல்லவே வேண்டாம். அதனால்:

1. சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும். ஈரக் கையால் தொடக் கூடாது. வாஷ்பேசின் பக்கம் என்றால் கை கழுவும்போது எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

2. தண்ணீர் தெறிக்கிற இடத்தில் திறந்த ஹோல்டர் வேண்டாம். மூடி போட்ட லைட் வாங்குங்கள். டப்பாவில் ஐ.பி. 44 என்று இருந்தால் தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும். ஐ.பி. 65 என்றால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலும் தாங்கும்.

3. ஒயரை முறுக்கி டேப் சுற்றி ஜாயின்ட் போட்டுக் கொண்டுபோவது கூடாது. பைப்புக்குள் ஒரே ஒயராகப் போக வேண்டும். இரும்பு ஆணியில், துணி காயப்போடும் கம்பியில் ஒயரைச் சுற்றவே கூடாது.

4. இரும்பு, அலுமினிய பாடி உள்ள லைட் என்றால் எர்த் ஒயர் கட்டாயம். "எர்த் எதுக்குமா, எரியுதில்ல" என்று ஒயர்மேன் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

5. மெயின் பாக்ஸில் ஆர்.சி.சி.பி. மாட்டுங்கள், 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்க வேண்டும். கரண்ட் கசிந்து மனிதர் உடம்பு வழியாகப் பாய்ந்தால் கண் இமைக்கும் நேரத்தில் அது லைனைத் துண்டித்துவிடும். சாதாரண எம்.சி.பி. இந்த வேலையைச் செய்யாது. அது ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஆர்.சி.சி.பி.யில் ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். டப்பென்று விழுந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

6. பல்பு மாற்றும்போதும் கண்ணாடி துடைக்கும்போதும் மெயினை ஆஃப் செய்துவிடுங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால் பதறிப் போய்த் தொட்டு இழுக்காதீர்கள், நம்மையும் பிடித்துக்கொள்ளும். முதலில் மெயினை ஆஃப் செய்யுங்கள். முடியாவிட்டால் காய்ந்த இடத்தில் நின்றுகொண்டு காய்ந்த கட்டையால் தள்ளிவிடுங்கள். உடனே 108-க்குக் கூப்பிடுங்கள்.

ஆர்.சி.சி.பி.க்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். ஆட்கூலி தனி. பெரிய செலவாகத் தெரியலாம். கண்ணாடிக்கு அழகான லைட் வாங்குவதா, இதை வாங்குவதா என்று வந்தால் முதலில் இதைத்தான் வாங்க வேண்டும். குழுவில் உள்கடன் கேட்பதற்கு இது நியாயமான காரணம்.

லைட்டோடு வரும் கண்ணாடி

டவுன் கடைகளில் இப்போது லைட் பொருத்திய கண்ணாடி வருகிறது. தொட்டால் எரியும். பார்க்க அழகுதான். ஆனால் சிலவற்றில் லைட் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். அது சுவரைத்தான் பளபளப்பாக்கும், முகத்துக்கு வெளிச்சம் தராது. உள்ளே லைட் பழுதானால் பல்பு மாதிரி நாமே கழற்றி மாட்டவும் முடியாது. வாங்குவதென்றால் கடையிலேயே எரியவிட்டு, மற்ற லைட்டை அணைக்கச் சொல்லி, உங்கள் முகம் தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பார்லர் வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு

கண்ணாடியைச் சுற்றி வரிசையாகக் குண்டு பல்பு போடுகிற வழக்கம் உண்டு. 40 வாட்ஸ் பல்பு 8 போட்டால் 320 வாட்ஸ். சூடு வேறு, மணப்பெண்ணுக்கு மேக்கப் வழியும். அதே இடத்தில் 5 வாட்ஸ் எல்.இ.டி. 8 போட்டால் 40 வாட்ஸ்தான். சி.ஆர்.ஐ. 90 உள்ளதாகப் பார்த்து, எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் வாங்குங்கள். ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் வெள்ளை என்று இருந்தால் முகத்தில் பவுடர் திட்டுத் திட்டாகிவிடும். வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பினால் வாடிக்கையாளருக்கும் திருப்தி.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

* நம் குழுவில் எத்தனை வீட்டில் குளியலறை சுவிட்ச் உள்ளே இருக்கிறது? எத்தனை வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறது?
* தனித்தனியாக ஒயர்மேனைக் கூப்பிடுவதற்குப் பதில், ஒரே தெருவில் உள்ள நாலைந்து வீட்டுக்குச் சேர்த்து லைசென்ஸ் உள்ள ஒயர்மேனைக் கூப்பிட்டால் கூலி எவ்வளவு குறையும்?
* குளியலறைக் கடன் கேட்கும் மனுவில் ஒயரிங், எர்த், ஆர்.சி.சி.பி. செலவையும் சேர்த்து எழுதலாமா?

பேசி முடிவு எடுத்ததைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். நாங்கள் அடுத்த முறை உங்கள் ஊருக்கு வரும்போது முதலில் அந்தப் பக்கத்தைத்தான் கேட்போம்!