'பி.டி.உஷாவாட்டம் ஓடுற': நொடியில் நூறில் ஒரு பங்கும், 39 வருஷம் கழித்து வந்த கோவைப் பொண்ணும்!

காரமடை ஸ்டேஷனில் மேட்டுப்பாளையம் - கோவை ரயிலைப் பிடிக்க ஓடியிருக்கிறீர்களா? காலேஜ் படிக்கும்போது எனக்கு அது தினசரி வேலை. ஒருநாள் பிளாட்பாரத்தில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, "ஏனுங் கண்ணு, பி.டி.உஷாவாட்டம் ஓடுற"ன்னு சிரிச்சாங்க. அவங்க உஷா ஓடி ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன். நானும் அப்போ பார்த்ததில்லை. ஆனாலும் வேகமா ஓடுற பொண்ணுன்னா நம்ம ஊர்ல ஒரே பேருதான்.

சரி, யார் இந்த உஷா? 2கே கிட்ஸுக்கு அவர் இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவர், மாநிலங்களவை எம்.பி. அதற்கெல்லாம் முன்னால் அவர் கோழிக்கோடு பக்கம் பையோலியில் வளர்ந்த பொண்ணு. பயிற்சியாளர் ஓ.எம்.நம்பியார் கண்ணில் பட்டார். 1980-ல் 16 வயதில் மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஓடினார். பதக்கம் இல்லை.

அடுத்தது 1984, லாஸ் ஏஞ்சல்ஸ். பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்கில் அறிமுகமானதே அந்த வருஷம்தான். அரையிறுதியில் அமெரிக்காவின் ஜூடி பிரவுனை முந்தி உஷா முதலிடம். இறுதிப் போட்டியில் முதல் ஸ்டார்ட் அவருக்கு அட்டகாசமா அமைந்தது. ஆனால் ஆஸ்திரேலிய வீராங்கனை முந்திக்கொண்டு கிளம்ப, எல்லோரும் திரும்பவும் கோட்டுக்கு வரவேண்டியதாகிவிட்டது.

மறுபடி ஓடினார்கள். மொராக்கோவின் நவால் தங்கம், ஜூடி பிரவுன் வெள்ளி. மூன்றாவது, ருமேனியாவின் கோஜோகாரு: 55.41 நொடி. உஷா: 55.42. அவருக்குப் பின்னால் ஸ்வீடன் வீராங்கனை: 55.43!

நூறில் ஒரு பங்கு நொடி எவ்வளவு தூரம்? 400 மீட்டரை 55.42-ஆல் வகுத்தால் சராசரி வேகம் நொடிக்கு 7.2 மீட்டர். அப்படின்னா வித்தியாசம் சுமார் 7 சென்டிமீட்டர். உங்கள் கையில் இருக்கும் போனின் அகலம் அவ்வளவுதான். கோட்டில் நெஞ்சைச் சரியாக முன்னால் தள்ளவில்லை என்று உஷாவே பின்னாளில் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: ஒலிம்பிக் கிராமத்தில் ஒத்துப்போகும் சாப்பாடு கிடைக்காமல் கஞ்சியும் ஊறுகாயும்தான் சாப்பிட்டாராம். கடைசி 35 மீட்டரில் உடம்பில் தெம்பு இல்லை. எனக்கு இதுதான் ரொம்ப உறுத்துகிறது. ஸ்டார்ட்டும் நெஞ்சும் ஆட்டத்தில் சேர்ந்தவை, சரி. சாப்பாடு யார் பொறுப்பு?

அடுத்த வருஷமே ஜகார்த்தா ஆசிய சாம்பியன்ஷிப்பில் ஐந்து தங்கம், ஒரு வெண்கலம். 1986 சியோல் ஆசியப் போட்டியில் நான்கு தங்கம், ஒரு வெள்ளி. அப்புறம் காயம், கல்யாணம், குழந்தை. 'முடிஞ்சுது'ன்னு எல்லோரும் நினைத்தபோது 1998 ஃபுகுவோகா ஆசிய சாம்பியன்ஷிப்பில் 34 வயதில் மறுபடி பதக்கம் வாங்கினார். 2000-ல் ஓய்வு. 2002-ல் சொந்தமாகத் தடகளப் பள்ளி தொடங்கினார். 800 மீட்டர் வீராங்கனை டின்டு லூக்கா அங்கே உருவானவர்தான்.

2022 டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் முதல் பெண் தலைவர் ஆனார். அடுத்த சில மாதங்களிலேயே, தெருவில் இறங்கிப் போராடிய மல்யுத்த வீராங்கனைகளை 'ஒழுங்கீனம்' என்றார். விமர்சனம் வெடித்ததும் ஜந்தர் மந்தருக்கே நேரில் போனார். ஓடுதளத்து உஷாவை நேசித்த பலருக்கு அந்த வார்த்தை வலித்தது, எனக்கும்தான்.

இப்போ நம்ம ஊர் மேட்டர். அந்த 55.42 தேசிய சாதனையாக 39 வருஷம் யாரும் தொடாமல் கிடந்தது. 2023 அக்டோபர் 2, சீனாவின் ஹாங்சோ ஆசியப் போட்டி, தகுதிச் சுற்று. கோவைப் பொண்ணு வித்யா ராம்ராஜ் ஓடி முடித்ததும் பலகையில் வந்த நேரம் 55.42. நூறில் ஒரு பங்குகூடக் கூடவில்லை, குறையவில்லை. அவரும் உஷா மாதிரியே ரயில்வே ஊழியர். இரட்டைச் சகோதரி நித்யாவும் அதே ஆசியப் போட்டியில் 100 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடியவர்.

மறுநாள் இறுதிப் போட்டியில் வித்யாவின் நேரம் 55.68. மூன்றாம் இடம், வெண்கலம்.