பழைய கசெற்றைப் பழுதாக்காமல் கணனியில் ஏற்றுவது எப்படி?

ஊரை விட்டு வெளிக்கிட்ட பலரின் பெட்டிக்குள் சேலை, பிறப்புச் சான்றிதழ், சாமிப் படம் என்பவற்றோடு ஒரு வீடியோக் கசெற்றும் இருந்தது. அக்காவின் கலியாணம், தங்கச்சியின் சாமத்தியச் சடங்கு, பிள்ளைகள் போகமுடியாமற் போன அப்பாவின் செத்தவீடு. இன்று அந்த வீடு இல்லை, முற்றத்து மாமரமும் இல்லை. கசெற்றில் மட்டும் ஆச்சி இன்னமும் பாக்கு இடித்துக்கொண்டிருக்கிறா.

பேர்லேண்டுக்குப் புதிதாகக் குடிவந்த குடும்பங்கள் சில, அந்தக் கசெற்றைக் கணனியில் ஏற்றிப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புகின்றன. மீனாட்சி அம்மன் கோயிலில் கண்டால் "அண்ணை, படம் துள்ளுது", "சத்தம் பிந்தி வருது" என்று கேட்கிறார்கள். நாங்கள் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவர்கள். தொழிற்சாலை வேலை முடிந்து வந்து, இரவிலே இதைச் செய்து பழகினோம். அடிக்கடி வரும் பிழைகளையும் அவற்றைத் தீர்க்கும் வழிகளையும் இங்கே தருகிறோம்.

இந்த வேலையைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளிவைக்க வேண்டாம். உலகில் கடைசியாக வீடியோ டெக் செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. ஹூஸ்ரன் பக்கத்துப் புழுக்கத்தில் கசெற்றில் பூஞ்சணம் பிடிக்கும். 2017 ஓகஸ்ற் ஹார்வி வெள்ளம் போல இன்னொன்று வந்தால் அலுமாரியின் கீழ்த்தட்டில் இருப்பது தப்பாது.

கசெற் எந்த நாட்டுக் கசெற்?

முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான். இலங்கை, இந்தியா, இங்கிலாந்து, ஜேர்மனி, சுவிஸ் ஆகிய நாடுகளில் பதிவானவை பி.ஏ.எல். முறை. அதில் செக்கனுக்கு 25 படம். அமெரிக்காவிலும் கனடாவிலும் என்.ரி.எஸ்.சி. முறை. அதில் செக்கனுக்கு ஏறத்தாழ 30 படம். பிரான்சில் இருந்தது செக்காம் என்னும் வேறு முறை. அதிலும் 25 படந்தான்.

ஊரில் வாங்கிய 230 வோல்ற் சாமானை இங்கத்தைய 120 வோல்ற்றில் போட்டால் சரியாக வேலை செய்யாது. கசெற்றும் அப்படித்தான். ஊர்க் கசெற்றை அமெரிக்க டெக்கில் போட்டால் படம் உருளும், நிறம் போகும். கசெற் பழுது என்று எறிந்துவிடாதீர்கள். மல்ரி சிஸ்ரம் டெக் ஒன்று தேடுங்கள். அது ஊரிலிருந்து வந்த டெக் என்றால் மின்சாரத்துக்கு ட்ரான்ஸ்ஃபோமரும் தேவை.

போடுமுன் இரண்டு காரியம். கசெற்றின் முதுகுப் பக்கத்து ஓரத்திலுள்ள சிறு பிளாஸ்ரிக் துண்டை உடைத்துவிடுங்கள். பிறகு அதன்மேல் எதுவும் தவறிப் பதிவாகாது. உள்ளே வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் டெக்கில் போடவே வேண்டாம். ரேப் கிழியும், பூஞ்சணம் மற்றக் கசெற்றுகளுக்கும் தொற்றும். துப்புரவாக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

படம் துள்ளினால்

இந்த நாட்டில் விற்கும் சில கருவிகள் எல்லாவற்றையும் 30 படமாக மாற்றப் பார்க்கும். 25 படத்தை 30 ஆக்க, ஒவ்வொரு ஐந்து படத்துக்கும் ஒரு படத்தை இரட்டிப்பாகப் போடும். அதனால்தான் நடனமும் ஊர்வலமும் துள்ளுகின்றன. கணனியில் ஏற்றும்போது பி.ஏ.எல்., 720 க்கு 576, 25 படம் என்று தெரிவு செய்யுங்கள். எடிற்றிங் திட்டத்திலும், கடைசியில் ஒரே கோப்பாக வெளியே எடுக்கும் எக்ஸ்போட்டிலும் அதே 25 இருக்கட்டும். இன்றைய கைத்தொலைபேசிக்கும் கணனிக்கும் அது பிரச்சினையே இல்லை.

கை வீசும்போது ஓரம் சீப்புப் பல்லுப்போலத் தெரிந்தால் அதன் காரணம் வேறு. பழைய ரீவிக்கு ஒவ்வொரு படமும் ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு என இரண்டு பாதியாக வந்தது. புதிய திரை இரண்டையும் ஒன்றாகக் காட்டுகிறது. 'டீஇன்ரர்லேஸ்' என்ற தெரிவைப் போட்டு எக்ஸ்போட் செய்யுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஹான்ட்பிறேக்கில் அது உண்டு.

மாப்பிள்ளையும் பொம்பிளையும் திடீரென்று கொழுத்துப்போனால், பழைய 4:3 படம் 16:9 ஆக இழுபட்டிருக்கிறது. 4:3 என்றே விடுங்கள். இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தால் குறையில்லை. முகம் முகமாக இருக்கவேண்டும்.

சத்தம் பிந்தினால்

தொடக்கத்தில் அரைச் செக்கன் பிந்தி, முடிவிலும் அதே அரைச் செக்கன் என்றால் சத்தத்தை அவ்வளவு முன்னே நகர்த்தினால் போதும். போகப்போகக் கூடினால் வேகத்தில் பிழை. கசெற்றென்றால் ஏற்றும்போது இடையிடையே படங்கள் தவறியிருக்கும். கணனியில் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டுத் திரும்ப ஏற்றுங்கள். கைத்தொலைபேசிப் படமென்றால் அது ஒரே வேகத்தில் பதிவாவதில்லை, வெளிச்சத்தைப் பொறுத்துக் கூடிக் குறையும். ஹான்ட்பிறேக்கில் 'கொன்ஸ்ரன்ற் ஃபிறேம் றேற்' என்று மாற்றிவிட்டுப் பிறகு எடிற் செய்யுங்கள்.

எக்ஸ்போட் இடையில் நின்றால்

தொழிற்சாலையில் மெஷின் நின்றால் எந்த இடத்தில் நின்றது என்றுதான் முதலில் பார்ப்போம். இங்கும் அதே முறை. ஒவ்வொரு தடவையும் 62 வீதத்திலேயே நிற்கிறதா? அந்த இடத்தில் உள்ள துண்டில்தான் கோளாறு. அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். அல்லது படத்தை இரண்டு பாதியாக எக்ஸ்போட் செய்து பிறகு ஒட்டுங்கள். வேறுவேறு இடங்களில் நின்றால் டிஸ்க்கில் இடம் போதுமா என்று பாருங்கள். கோப்பைக் காணோம் என்று சிவப்பாகக் காட்டினால் பென் ட்ரைவைக் கழற்றியிருப்பீர்கள், அல்லது கோப்பை வேறு இடத்துக்கு மாற்றியிருப்பீர்கள்.

படம் முடிந்தும் பென் ட்ரைவில் ஏறவில்லையா? 32 ஜி.பி. வெறுமையாக இருந்தாலும், ஃபற் 32 முறையில் அமைந்த ட்ரைவ் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரு கோப்பை ஏற்காது. மூன்று மணித்தியாலக் கலியாணம், செக்கனுக்கு 5 மெகாபிற் என்றாலும் 6.75 ஜி.பி. வரும். தாலி கட்டு, விருந்து, ஊர்வலம் என்று பிரித்து எடுங்கள். எம்.பி.4 கோப்பு, எச்.264 படம், ஏ.ஏ.சி. சத்தம் என்று எடுத்தால் அநேகமாக எல்லா ரீவியிலும் ஓடும்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி மங்கலாக்கும். 'டொக்கியுமென்ற்' ஆக அனுப்புங்கள். 2022 முதல் 2 ஜி.பி. வரை அப்படி அனுப்பலாம்.

தமிழ் எழுத்து உடைந்தால்

பாமினி எழுத்தில் போட்ட பெயர்கள், அந்த எழுத்துரு இல்லாத கணனியில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோட்டில் தட்டுங்கள். அப்போதும் சில எடிற்றிங் மென்பொருள்களில் கொம்பும் எழுத்தும் இடம் மாறி நிற்கும். பெயரை வேறு மென்பொருளில் சரியாக எழுதி, பின்னணி இல்லாத பி.என்.ஜி. படமாக எடுத்து, வீடியோவின் மேல் வையுங்கள். படமாகிய எழுத்து எங்கும் உடையாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

அந்தக் காலத்து ஸ்ரூடியோக்காரர் பலர் கலியாணப் படம் முழுக்கச் சினிமாப் பாட்டை ஏற்றிவிட்டார்கள். அம்மம்மா பேசுகிறா, வாய் அசைகிறது, கேட்பதோ பாட்டு. அழிந்த அந்தக் குரலை எந்தக் கணனியாலும் மீட்கமுடியாது. எடிற் செய்யாத மூலக் கசெற் எந்த உறவினரிடமாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இன்று நீங்கள் செய்யும் படத்திலாவது பேச்சும் சிரிப்பும் பிள்ளை அழுகையும் அப்படியே இருக்கட்டும்.

வெட்டாத முழுப் படத்தைத் தனியே வையுங்கள். மூன்று பிரதி நல்லது. ஒன்று கணனியில், ஒன்று வெளி டிஸ்க்கில், ஒன்று ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் சகோதரத்திடம். வீட்டுக்குள் வெள்ளம் வந்தாலும் அந்த மூன்றாவது தப்பும். ஏற்றி முடிந்தது என்று கசெற்றையும் எறியவேண்டாம். நிமிர்த்தி, உலர்ந்த இடத்தில், மேல்தட்டில் வையுங்கள்.

இந்த வார லீவில் ஒரு கசெற்றையாவது எடுத்துத் தூசி தட்டுங்கள். படத்தில் இருப்பவர் யார் யார் என்று சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே, அவர்களைப் பக்கத்தில் இருத்திப் பெயர்களை எழுதி வையுங்கள். கணனிக்கு அது தெரியாது.