கழிமுகத்தைக் கணிக்கும் அடுக்கு வலைகள்

ஆறு கடலொடு கலக்கும் இடத்தைக் கழிமுகம் என்று வழங்குகிறோம். அங்கே ஓதம் எவ்வளவு உயரும், புயல் நாளில் கடல்நீர் எதுவரை ஏறும் என்பவற்றைக் கணிப்பொறி கொண்டு முன்னறியும் முறையை எண்முறை மாதிரியாக்கம் என்பர். நீர்ப்பரப்பைச் சதுரக் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் நீர்மட்டமும் ஓட்டமும் சிறுசிறு கால இடைவெளிகளில் எவ்வாறு மாறுகின்றன எனக் கணக்கிடுவதே இதன் அடிப்படை.

வங்கத்து ஹூக்ளிக் கழிமுகத்தைச் சான்றாகக் கொள்வோம். சாகர் தீவை ஒட்டிய அதன் வாய் இருபது கிலோமீட்டருக்கும் மேல் அகன்றது. மேலே செல்லச் செல்லப் புனல்போல் குறுகுகிறது. ஹவுரா பாலத்தின் நடு இடைவெளியோ 457 மீட்டரே. புயல் வங்கக் கடலின் பெரும்பரப்பில் நீரைத் திரட்டுகிறது. ஆதலின் கடலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் கடலுக்குப் போதிய 9 கிலோமீட்டர்க் கட்டத்தில் ஆறே மறைந்துவிடும். ஆற்றுக்கு ஏற்ற நுண்கட்டத்தைக் கடல் முழுதும் விரித்தால் கணக்கு முடிவுறாது நீளும்.

இவ்விடரைத் தீர்க்க வந்ததே அடுக்கு வலை. அடுக்குப் பாத்திரங்கள்போல் ஒரு வலைக்குள் மற்றொரு வலை அமைகிறது. 9 கி.மீ., 3 கி.மீ., 1 கி.மீ., 333 மீட்டர், 111 மீட்டர் எனப் படிக்கு மூன்றில் ஒரு பங்காகக் கட்டம் சுருங்கும். இறுதி வலையில் ஹவுராவின் ஆற்றகலம் நான்கு கட்டங்களாகத் தெரியும். 111 மீட்டர் வலையை முதல் வலையின் பரப்பு முழுதும் விரித்திருந்தால் கட்டங்கள் 6,561 மடங்காகும். கால இடைவெளியும் 81இல் ஒரு பங்காகும். உழைப்போ ஐந்து இலட்சம் மடங்கைக் கடக்கும்.

கால இடைவெளி ஏன் குறைய வேண்டும்? ஒரு கணக்கீட்டு அடிக்குள் அலை ஒரு கட்டத்தைத் தாண்டிவிடலாகாது. 2,500 மீட்டர் ஆழத்தில் நெடிய அலை நொடிக்கு ஏறத்தாழ 156 மீட்டர் விரையும். 10 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 10 மீட்டரே. எனவே நுண்கட்டத்தை ஆழமற்ற இடத்தில் மட்டும் வைப்பது இருவகையிலும் ஆதாயம்.

வலைகளைப் பொருத்துங்கால் கருதத்தக்கவை சில உண்டு. புறவலையின் எல்லை, ஓதம் நன்கறியப்பட்ட ஆழ்கடலில் அமைதல் வேண்டும். அகவலையின் எல்லையைக் குறுகிய வாயிலிலோ மணல்திட்டின் மீதோ வைத்தல் ஆகாது. எல்லைக் கோட்டில் இரு வலைகளின் ஆழமும் ஒத்திருத்தல் வேண்டும். இன்றேல் இல்லாத அலைகள் அங்கே பிறந்து கணக்கைக் குலைக்கும். கடல்வரைபடம் ஆழத்தைத் தாழ்ந்த ஓதமட்டத்திலிருந்து அளக்கிறது; நிலவரைபடம் உயரத்தைச் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து அளக்கிறது. இவ்விரண்டையும் ஒரே மட்டத்திற்குக் கொணராவிடின், ஓதம் மிக்க கழிமுகத்தில் பிழை மீட்டர்க் கணக்கில் நேரும். ஆற்றின் பக்கத்து எல்லையில், 1975 முதல் ஃபராக்கா அணையிலிருந்து திருப்பப்படும் நீரையும் சேர்த்தல் வேண்டும். புறவலை அகவலைக்குச் செய்தி தருவது ஒருவழிப் பிணைப்பு. அகவலையின் விடை மீண்டும் புறவலைக்குச் செல்வது இருவழிப் பிணைப்பு. இறுதியாக, சாகர், டயமண்ட் ஹார்பர் போன்ற இடங்களில் அளந்த நீர்மட்டத்தொடு விடையை ஒப்பிட்ட பின்னரே அதனை நம்புதல் தகும்.

இத்துணை நுணுக்கம் எதற்கு என வினவலாம். 2009 மே 25இல் ஐலா புயல் சுந்தரவனக் கரைகளை உடைத்தது. உப்புநீர் புகுந்த வயல்களில் நெல் விளையவில்லை. 2020 மே 20இல் அம்பன் புயலும் அப்பகுதியைத் தாக்கியது. அம்மக்களைக் காக்கும் மண்கரையின் அகலம் சில மீட்டரே. 111 மீட்டர்க் கட்டத்திலும் அது கரைந்துவிடும். ஆதலின் கரையின் உயரத்தைக் கட்டத்தின் விளிம்பில் தனித் தடுப்பாகக் குறித்தல் வேண்டும். அதனை விடுத்தால், நீர் ஏறாத ஊரில் ஏறியதாகவும், எஞ்சிய நீர் தங்கும் ஊரில் தாழ்ந்ததாகவும் கணக்குக் காட்டும். எவ்வூரை முதலில் வெளியேற்றுவது என்னும் முடிவு அக்கணக்கையே பற்றி நிற்கிறது என்பதை நாம் மறத்தலாகாது.